"மூன்றாவது பாடத்துக்கு மீடியாவைப் போடு"

இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்று வீடுகளில் பேச்சுத் தொடங்கும் காலத்தில் தவறாமல் காதில் விழும் வசனம் இது. "மூன்றாவது பாடத்துக்கு மீடியாவைப் போடு, லேசு." கலைப்பிரிவில் இரண்டு பாடங்களை யோசித்து எடுத்துவிட்டு, மிச்ச இடத்தை நிரப்பத்தான் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் கைக்கு வருகிறது. ரியூசன் வாத்தியாரும் அதைத்தான் சொல்கிறார், போன வருடம் ஏ எடுத்த பிள்ளையின் அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்.

எனக்கு இதைக் கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது. பல வருடம் மட்டக்களப்பில் பிராந்தியச் செய்தியாளராக ஓடித் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழ்மொழி மூலம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான பாடம் உயர்தரத்தில் அதிகம் கிடையாது. அதைப் போய், பல்கலைக்கழகம் போக உதவும் இஸட் புள்ளியைக் கூட்டும் வழியாக மட்டும் பார்க்கிறோம்.

அக்காவின் மகள் இந்தப் பாடம் படிக்கிறாள். அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 1948இல் லாஸ்வெல் சொன்ன தொடர்பாடல் மாதிரி, அடிமட்டம் வைத்துக் கீறிய ஐந்து பெட்டிகளில்: யார், என்ன, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு. வரைவிலக்கணத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. அடுத்த பக்கத்தில் ஷனனும் வீவரும் சொன்ன மாதிரி, அதற்கடுத்து பேர்லோ சொன்னது. எல்லாம் வடிவாக இருந்தது. "உங்கட வட்ஸ்அப் குறூப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து இந்த ஐந்து பெட்டிக்குள்ளும் போட்டுக் காட்டு பார்ப்போம்" என்றேன். "அப்படியெல்லாம் சோதனையில் வராது மாமா" என்றாள். அவளைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளுக்குள் போட்டுப் பார்க்க வேண்டிய சம்பவம் எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே நடந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஏதோ கட்டியைக் கண்டு, மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சத்தம் போட, கூட்டம் கூடிவிட்டது. காசு வாங்கும் மேசையில் இருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் சரியாக விளங்காது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே, ஓம், போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதை யாரோ போனில் எடுத்தார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். வீடியோ பேஸ்புக்கில் நாடு முழுக்கப் போனது, 'அவனே ஒத்துக்கொண்டான்' என்ற பேச்சோடு. பிறகு அரச பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் அந்த அறிக்கையை எத்தனை பேர் பார்த்தார்கள்? அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகனையில் கலவரம், மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம், அப்புறம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கம்.

இப்போது பெட்டிகளுக்கு வாருங்கள். வீடியோ எடுத்தவர் யார்? அவர் போனைத் தூக்குவதற்கு முன் அங்கே என்ன நடந்தது? கேள்வி எந்த மொழியில், பதில் எந்த மொழியில்? முதலில் பகிர்ந்த பக்கம் யாருடையது, அதற்கு முன் அவர்கள் என்னவெல்லாம் போட்டிருந்தார்கள்? ஷனன் சொன்ன 'இரைச்சல்', அதாவது சொல்வது சரியாகப் போய்ச் சேராமல் குழப்பும் இடையூறு, அந்தக் காசு மேசையில் ஒரு மனிதனை அடி வாங்க வைத்தது. இதை இரண்டு பாடவேளை வகுப்பில் பேசினால் போதும், அந்த மாதிரியைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய வசதி ஒன்றும் தேவையில்லை. ஒரு நாள் பேப்பர் போதும். "யானை தாக்கி குடும்பஸ்தர் பலி" என்ற செய்தி எங்கள் பக்கம் அடிக்கடி வரும். அதைப் பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தத் தகவலைத் தந்தது பொலிசா, ஆஸ்பத்திரியா, வீட்டுக்காரரா? அந்த ஊரில் மின்வேலி இருக்கிறதா, இருந்தால் அதில் மின்சாரம் ஓடுகிறதா? இறந்தவரின் மனைவியிடம் யாராவது பேசினார்களா? நாலு வரிச் செய்தியில் எது இல்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையை ஒரு வட்ஸ்அப் போர்வேர்ட் இலேசில் ஏமாற்றாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்கப்பட்ட அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வகுப்பாகச் சேர்ந்து கேள்வியைத் தயாரித்து, ஆசிரியர் பெயரிலாவது பிரதேச சபைக்கு ஒன்று அனுப்பலாமே. ஊர் வீதிக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று. வரும் பதிலை வைத்து ஒரு செய்தி எழுதட்டும். வராவிட்டால், வரவில்லை என்பதையே செய்தியாக எழுதட்டும்.

இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை உதயதாரகை 1841 என்று மனனம் செய்கிறார்கள். சரி, தெரிந்திருக்க வேண்டியதுதான். திருகோணமலைச் செய்தியாளர் எஸ். சுகிர்தராஜனையும் தெரிந்திருக்க வேண்டாமா? 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சவச்சாலையில் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் சுடர் ஒளி பத்திரிகையில் வந்தன, கிட்ட நின்று சுட்ட காயங்கள் அதில் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு படம் எப்படிச் சாட்சியாகிறது என்பதற்கு எந்த வெளிநாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டும்?

ஆசிரியர்களின் நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், சோதனை நெருங்குகிறது, போனைப் பாடசாலைக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். சில இடங்களில் வேறு பாடம் படித்துவிட்டு வந்தவரிடம் இதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வினாத்தாள் மாறினால் கற்பித்தலும் மாறும். தெரியாத ஒரு செய்தியைக் கையில் கொடுத்து "பிரித்து ஆராய்க" என்று அதிகப் புள்ளிக்கு ஒரு வினா கட்டாயமாக வரட்டும், ரியூசன் கொட்டில்கள்கூட அடுத்த வருடமே பேப்பர் வாங்கும்.

படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: எல்லோரும் செய்தியாளராக வேண்டாம். செய்திக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் காசில் குடும்பம் நடத்துவது என்னவென்று எனக்குத் தெரியும். கிராம சேவையாளராகட்டும், தாதியாகட்டும், கடை போடட்டும். அங்கேயும் போன் இருக்கும்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இந்தப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் இன்பொக்ஸில் ஒரு சொல் போடுங்கள். ஒரு கட்டுப் பேப்பரும், நான் அனுப்பி வெட்டுப்பட்டுப்போன செய்திகளின் மூலப் பிரதிகளும் என்னிடம் இருக்கின்றன. கொண்டுவந்து பிள்ளைகளோடு இரண்டு பாடவேளை இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வசதி.