21 நாளில் பழக்கம் வந்துவிடுமா?

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு உடல்நலம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் பலர் சொல்லும் வரி: "எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து." இரண்டு பாதியுமே தவறு.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் வெளியான தன் புத்தகத்தில், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று, தான் பார்த்ததை எழுதினார். அது கைமாறிக் கைமாறி, "குறைந்தது" உதிர்ந்து, முகமும் போய், விடிகாலையில் எழுந்து ஓடுவது வரைக்கும் அதே கணக்காகிவிட்டது.

சரி, அளந்து பார்த்தவர்கள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்டது. பழக்கம் படிய ஆன நாட்களின் நடுமதிப்பு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை (84 நாள் ஆய்வில் 254 எப்படி என்றால், பழக்கம் படிந்துவந்த போக்கை வரைகோடாக்கி, அதை நீட்டிக் கணித்தது). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

இதையெல்லாம் சொல்லாமல் விட்டால், 22-ஆம் நாளும் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கும் பிள்ளை தனக்குத்தான் மனவுறுதி இல்லை என்று முடிவு கட்டிவிடும். அப்புறம், வகுப்பெடுப்பவர்களே, மாணவர்கள் தங்கள் திட்டமாக "தினமும் நடப்பேன்" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். "காலைச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஆய்விலும் இப்படி ஒரு வேளையோடு முடிச்சுப் போட்டுத்தான் செய்ய வைத்தார்கள்.