சென்னையின் இசையைத் தேடி வருகிறவர் முதலில் இறங்க வேண்டிய இடம் மண்ணடி

மார்கழி நெருங்கும்போதெல்லாம் வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: சென்னையில் சில நாள் தங்கிக் கச்சேரி கேட்க வேண்டும், ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கே தங்குவது? விடையையும் பாதி அவர்களே வைத்திருப்பார்கள். மயிலாப்பூரில் ஓர் அறை, காலையில் கபாலீசுவரர் கோயிலும் மாட வீதிகளும், மதியத்திலிருந்து கச்சேரி நடத்தும் சபாக்கள், இடையில் சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு, ஒரு நாள் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் டிசம்பரைக் கழித்திருக்கிறேன். ஆனால் 2017இல் யுனெஸ்கோ தனது படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்த பிறகும், இசை என்றதும் கூவத்துக்குத் தெற்கே மட்டும் கை காட்டும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சென்னையின் இசையை அறிய விரும்புகிறவர் தம் நடையை வடக்கிலிருந்து, ஜார்ஜ் டவுனின் மண்ணடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை வடசென்னை மீது காட்டும் பரிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிகழ்ந்தவற்றின் வரிசையே அப்படித்தான் இருக்கிறது.

1830களை எடுத்துக்கொள்வோம். திருவையாற்றிலிருந்து தியாகராஜர் சென்னைக்கு வந்து, இன்றைய ஜார்ஜ் டவுனில் உள்ள பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில் தங்கியது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் என்பார்கள். அங்கிருந்து அவர் தம் சீடர் வீணை குப்பய்யரின் ஊரான திருவொற்றியூருக்குச் சென்று, வடிவுடை அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவை இன்றும் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே வழங்குகின்றன. அதே காலத்தில், பந்தர் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஏழுகிணறு வீராசாமித் தெருவில், பின்னாளில் வள்ளலார் என்று நாம் அறிந்த இளைஞர் இராமலிங்கம் வாழ்ந்துகொண்டிருந்தார். கந்தகோட்டத்து முருகன்மீது அவர் பாடிய தெய்வமணிமாலை இந்தத் தெருக்களில் பிறந்தது. திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்துபோய்த் தொழுவதும் அவர் வழக்கம். இன்னும் சற்று வடக்கே இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தம் ஞானப் பாடல்களைப் பாடி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் மறைந்து அங்கேயே அடங்கினார். ஒரே காலகட்டத்தில் சில மைல் தொலைவுக்குள் தெலுங்குக் கீர்த்தனையும், தமிழ்த் துதிப்பாடலும், சூஃபி ஞானப் பாடலும் ஒலித்த ஒரு நிலப்பரப்பை, உலகில் வேறு எந்த ஊராக இருந்தாலும் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கும். பந்தர் தெருவை முழுக்க நடந்து பார்த்தும் தியாகராஜரின் பெயர் தாங்கிய ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. இரு மருங்கிலும் மொத்த வியாபாரக் கடைகள், அட்டைப் பெட்டிகள், தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள், வழியை மறித்து நிற்கும் தள்ளுவண்டிகள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு தலைமுறை முன்னால் போனால் கதை மேலும் சுவையாகிறது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக மட்டும் பேசப்படும் மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரும் அவர் மகன் சின்னையா முதலியாரும் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்து வைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புகொண்டிருந்த அந்த முதலியார் குடும்பத்தின் வழியாகவே தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அண்ணன் முத்துசுவாமி, அங்கே கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பவை அவைதாம். அவற்றுள் ஒன்று இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. இன்று வயலின் இல்லாமல் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வயலின் நம் இசைக்குள் நுழைந்த வழிகளில் முதன்மையான ஒன்று, கோட்டைக்கும் மணலிக்கும் இடையே போன இந்தச் சாலை.

பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்துவான்கள் வந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்டுப் போவார்களாம். பாலசரஸ்வதியும், பிருந்தா–முக்தா சகோதரிகளும் அந்தக் குடும்பத்துப் பேத்திகள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பத் தம் சொத்தைச் செலவிட்ட பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஜார்ஜ் டவுன்வாசிதான். ஆர்மீனியன் தெருவில் 1915இல் எழுந்த கோகலே மண்டபம், ஹோம் ரூல் இயக்கத்தின் கூட்டங்களுக்கு மட்டுமன்றிக் கச்சேரிகளுக்கும் இடம் தந்தது. பின்னர் பல ஆண்டுகள் அது பாதி இடிந்த நிலையில் கிடந்ததை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் இசை ஏன் தெற்கே போனது? புரவலர்கள் போனார்கள், இசையும் உடன் போனது என்பதே நேரான விடை. துபாஷிகளும் (கம்பெனியாருக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் இடைத்தரகர்களாகவும் இருந்தவர்கள்) வணிகர்களும் கச்சேரிகளை வைத்த காலம் முடிந்து, வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்கள் மயிலாப்பூரிலும், 1920களில் உருவான தியாகராய நகரிலும் வீடு கட்டிக்கொண்டார்கள். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாதமி பிறந்தபோது, எடை ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தனம்மாளின் தேவதாசி மரபில் வந்த பெண்களுக்கு இந்த இடமாற்றத்தில் என்ன கிடைத்தது, அவர்கள் எதை இழந்தார்கள் என்பது தனியே எழுதப்பட வேண்டிய, அவ்வளவு இனிமையில்லாத கணக்கு. வடக்கே தங்கிவிட்ட ஒரே பெரிய அரங்கம் பாரிமுனை அருகில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம் அது. அங்கே டிசம்பரில் இசை விழாவும், பழந்தமிழ்ப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இன்றும் நடக்கின்றன. மயிலாப்பூரில் அறை எடுக்கும் நண்பர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

புரவலர்களை நம்பியிராத இசை மட்டும் இடம் பெயரவில்லை. இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று துறைமுகமும் ஆலைகளும் சார்ந்து வாழ்ந்த மக்களிடம் வளர்ந்த கானா, சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவதற்காக உயிரோடு இருந்தது. கானாக்காரர்களில் சிலர் குணங்குடி மஸ்தானைத் தங்கள் முன்னோடியாகச் சொல்வதுண்டு. அந்தப் பாடல்களின் நிலையாமைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. சினிமா கானாவைத் துள்ளலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டதால், அதன் துக்கத்தைப் பலர் கேட்டதே இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு இந்த இசையைப் புதிய கேட்போரிடம் கொண்டு சேர்த்தது. அதைப் போன்ற மேடைகளைத் தேடிக் கேளுங்கள். இறந்தவரின் வீட்டு வாசலில் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பதைச் சுற்றுலா என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

இனி நடைமுறை. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, வடசென்னைக்குப் போவது கடினம் என்ற பழைய சாக்கு செல்லாது; விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமலே திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. வார நாட்களில் மூட்டை தூக்குவோருக்கும் வண்டிகளுக்கும் நடுவே நின்று ஒரு வீட்டின் முகப்பை நிமிர்ந்து பார்த்தால், "ஓரமா நில்லுங்க சார்" என்ற குரல் உடனே வரும். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. மண்ணடி நிலையத்தில் இறங்கி ஆர்மீனியன் தெருவையும் பந்தர் தெருவையும் பார்த்துவிட்டு, கந்தகோட்டத்துக்கு நடந்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மாலையில் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களில் அத்தோ கடைகள் களைகட்டும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த உணவு அது: மஞ்சள் நிற நூடுல்ஸை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி சேர்த்துக் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் கொடுப்பார்கள். கச்சேரிக்கு முன் சாப்பிட ஏற்றதா என்று கேட்டால், பாடப்போகிறவருக்கு வேண்டாம், கேட்கப்போகிறவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

அழுக்கும் நெரிசலுமான இடங்களுக்கு விருந்தினரை அனுப்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நெரிசல் உண்மைதான். ஆனால் கட்டட வரலாற்றுக்காகவும் பழைய கடைகளுக்காகவும் இதே தெருக்களில் நடைப்பயணங்கள் நடக்கின்றன. அவற்றில் இசையும் பேசப்பட வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. அரசு செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. பந்தர் தெருவிலும், ராமகிருஷ்ணா தெருவிலும், மணலியிலும் தமிழில் எழுதிய ஒரு கல்வெட்டு. கோகலே மண்டபத்தில் மீண்டும் கச்சேரி நடக்க வழி. சபாக்களிடம் கேட்பது இன்னும் சிறியது: வரும் டிசம்பரில் ஒரே ஒரு மாலையாவது, திருவொற்றியூர் பஞ்சரத்தினத்தைத் திருவொற்றியூர்க் கோயில் மண்டபத்திலேயே பாட வையுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் கூட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வடிவுடை அம்மன் சன்னிதிக்கு அன்று எப்படியும் ஊரே வந்துவிடும்.