கில்ஃபோர்டு டட்லியின் தரப்பு

1553இல் சில நாள்கள் மட்டும் இங்கிலாந்தின் அரசியாக இருந்த ஜேன் கிரேயைப் பற்றிய கட்டுரை ஒன்று, அவருடைய கணவர் கில்ஃபோர்டு டட்லியை, மன்னர் பட்டத்துக்காக முரண்டு பிடித்த இளைஞராக மட்டுமே காட்டுவது ஏற்புடையதாக இல்லை. 1553 மே 25 அன்று லண்டன் டர்ஹாம் மாளிகையில் நடந்த இவர்களின் திருமணம், கில்ஃபோர்டின் தந்தை நார்தம்பர்லாந்து கோமகனும் ஜேனின் பெற்றோரும் கூடி முடித்த அரசியல் ஏற்பாடு. ஜூலை 10 அன்று அரசியாக அறிவிக்கப்பட்ட ஜேன், கணவரை மன்னராக்க மறுத்து, கோமகன் பட்டம் மட்டுமே தர முன்வந்தது உண்மைதான். ஆனால், 19ஆம் தேதியே எட்டாம் ஹென்றி மன்னரின் மகள் மேரி அரசியாக அறிவிக்கப்பட்டதால், அந்தப் பூசலுக்கு ஆயுள் சில நாள்களே. நவம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பின்னும் இருவரும் சிறையாகவும் பயன்பட்ட லண்டன் கோபுரக் கோட்டையில் உயிரோடு விடப்பட்டிருந்தார்கள். மேரிக்கு எதிராக எழுந்த வயட்டின் கலகத்தில் ஜேனின் தந்தை சேர்ந்துகொண்ட பிறகே, 1554 பிப்ரவரி 12 அன்று, முதலில் கோட்டைக்கு வெளியே டவர் குன்றில் மக்கள் முன்னிலையில் கில்ஃபோர்டும், அடுத்துக் கோட்டைக்குள் ஜேனும் தலை வெட்டப்பட்டார்கள். கட்டுரை விட்டுவிட்டது இந்தப் பகுதியைத்தான்.