தூக்கமும் அந்த 90 மணிக்குள்தான்
பிரான்சில் 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சுமார் 1,200 கி.மீ. சைக்கிள் பயணமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் மிதிக்கும் நேரத்தை மட்டும்தான் கணக்கிடுவார்கள், தூங்கும் நேரத்தைக் கழித்துவிடுவார்கள் என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது, பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லைங்க. கிளம்பியதிலிருந்து கடிகாரம் நிற்காது. சாப்பாடு, பஞ்சர், வழியில் லூடேயாக் ஊரில் கட்டிலில் போடும் இரண்டு மணி நேரத் தூக்கம், எல்லாமே அந்த 90 மணிக்குள் அடக்கம். இதை நடத்தும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியனின் தளத்தில் விதிமுறை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்புறம், தகுதிக்கான 600 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நீண்ட சைக்கிள் பயணம்) ஓட்டிய யாரிடமாவது, வழியில் முத்திரை வாங்கும் அவர் அட்டையைக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு சோதனை நிலையமும் எப்போது மூடும் என்று அதில் போட்டிருக்கும், கடைசி நிலையம் கிளம்பிய நேரத்திலிருந்து சரியாக 40 மணி நேரத்தில் மூடிவிடும், ராத்திரி படுத்ததற்கென்று எந்தக் கழிவும் இருக்காது. 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குத் தயாராகிறவர்கள் தயவுசெய்து தூக்கத்தையும் சேர்த்தே நேரத்தைப் போடுங்கள்.