கரண்ட் தாறுமாறாக வந்தால் அதற்கும் நாம்தான் பொறுப்பா?

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் வோல்டேஜ் தாறுமாறாகி, பல வீடுகளில் சாமான்கள் எரிந்துபோயின. டிவியும் பிரிட்ஜும் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "ஸ்டெபிலைசர் போட்டிருக்கலாமே" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. புகார் சொல்லப் போன இடத்திலும் அதே பேச்சு, என் முந்தைய பதிவின் கீழும் அதே பேச்சு.

நடந்தது நியூட்ரல் கட், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி அறுந்தது. நியூட்ரல் அறுந்துவிட்டால் 230 வோல்ட் என்பதே இல்லாமல் போய், கரண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கும் 400 வோல்ட்டை வீடுகள் பங்குபோட ஆரம்பிக்கும். லோடு அதிகம் இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும், குறைவாக இருக்கும் ஃபேஸில் ஏறும். 300 வோல்ட்டைத் தாண்டினால் பல வீடுகளில் ஸ்டெபிலைசரே எரிந்துபோகும். அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி?

வோல்டேஜைச் சரியாகக் கொடுப்பது கொடுப்பவர் வேலை. 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று 1956 மின்சார விதிகளிலேயே இருந்தது. 230க்குக் கணக்குப் போட்டால் 216 முதல் 244 வரை. சேவைத் தரம் தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 57வது பிரிவு சொல்கிறது. நான் சலுகை கேட்கவில்லை.

எங்கள் அப்பா ஊரில் மாவு மில் வைத்திருந்தார். சாயங்காலமானால் லோ வோல்டேஜ். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடேறிக் காயில் எரியும். மோட்டாரைப் பஸ்ஸில் ஏற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரரும் "லோ வோல்டேஜில் ஏன் ஓட்டுனீங்க?" என்றுதான் கேட்பார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கடன் வாங்கிக் காசு கொடுப்பார். கடைசிவரை அது தன் தவறு என்றே நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

"ஆள் பற்றாக்குறை, லைன்மேன் என்ன செய்வார்?" என்பீர்கள். மழையில் கம்பத்தில் ஏறிய அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு ஒழுங்கான கையுறைகூட இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். "பழைய லைன், அப்படித்தான் இருக்கும்" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பில் கட்ட ஒரு நாள் தாமதமானால் அவர்கள் வீட்டிலும் ஃபியூஸைப் பிடுங்குவார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் தையல் மோட்டார் எரிந்துவிட்டது. பள்ளி திறக்கும் நேரம், யூனிஃபார்ம் துணி அப்படியே குவிந்து கிடக்கிறது. "என் நேரம் தம்பி" என்கிறார். இல்லைக்கா, உங்கள் நேரமும் இல்லை, தவறும் இல்லை.

திங்கட்கிழமை தெருவாகச் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுக்கிறோம். எரிந்த பொருளின் பில்லோ போட்டோவோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டோ இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எனக்கு அனுப்புங்கள். பில் இல்லாதவர்களும் சர்வீஸ் எண்ணோடு வாருங்கள்.