“தனக்குத்தானே உதவுகிறவனுக்கே தேவன் உதவுவார்”: இது பைபிள் வசனம் இல்லை

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. பின்னால் வேலூர் கோட்டை அகழி, மேலே மஞ்சள் எழுத்தில் “தனக்குத்தானே உதவுகிறவனுக்கே தேவன் உதவுவார்”, கீழே ‘நீதிமொழிகள்’ என்று பைபிள் நூல் ஒன்றின் பெயர் மட்டும், அதிகாரம் எண் எதுவும் கிடையாது. நேற்று ஒரு ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இதையே பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

நீதிமொழிகளில் மட்டுமில்லை, ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை எங்குமே இந்த வரி இல்லை. ஈசாப் கதைகளில், சேற்றில் வண்டி சிக்கிய ஒருவனுக்குச் சொல்லப்படும் புத்தி இது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் தன் பஞ்சாங்கத்தில் போட்டதும் ரொம்பவே பரவியது.

சரி, நீதிமொழிகள் என்னதான் சொல்கிறது? 28:26-ஐ எடுத்துப் பாருங்கள், “தன் இருதயத்தை நம்புகிறவன் மூடன்”. 16:18-ல் “அழிவுக்கு முன்னானது அகந்தை”. பைபிளின் நியாயாதிபதிகள் நூல், 7-ஆம் அதிகாரம் இன்னும் நேராகவே பேசுகிறது. போருக்குப் புறப்பட்ட இஸ்ரவேல் தலைவன் கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள், பயந்த 22,000 பேர் வீட்டுக்குப் போனார்கள், அப்புறம் தண்ணீர் குடிக்கும் இடத்தில் சலித்து எடுத்ததில் மிஞ்சியது 300 பேர்தான். தேவன் ஏன் இப்படிக் குறைத்தார் என்றால், “என் கை என்னை ரட்சித்தது” என்று இஸ்ரவேல் வீம்பு பேசக்கூடாது என்பதற்காக!

உழைக்க வேண்டாம் என்று பைபிள் சொல்லவில்லை, சோம்பேறியை எறும்பிடம் போய்க் கற்கச் சொல்வதும் இதே நீதிமொழிகள்தான் (6:6). ஆனால் படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு, எழுந்து நடக்கக்கூட முடியாதவருக்கு, இந்தப் படத்தை வேத வசனம் என்று அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? தயவுசெய்து அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அழித்துவிடுங்கள்.