ஈர வைக்கோலும் தீப்பிடிக்கும்
"ஈர வைக்கோலைக் கட்டினால் தீப்பிடிக்காது, பேலர் எரிந்தால் யாரோ பீடி போட்டதுதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் (பேலர் என்பது டிராக்டரோடு ஓடி வைக்கோலைக் கட்டாக்கும் இயந்திரம்). இரண்டுமே சரியில்லை அண்ணே.

ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுக்குள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும். சில வாரம் கழித்துக்கூடத் தானாகப் புகையலாம். மாதவரத்தில் எங்கள் மாடுகளுக்குப் பொன்னேரிப் பக்கமிருந்து வைக்கோல் இறக்கும்போது கட்டுக்குள் விரலை விட்டுப் பார்ப்போம். வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கட்டு வைக்கோல்போருக்குப் போகாது, வெளியே தனியாகக் கிடக்கும்.

பேலரில் பீடியைவிட பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். கிரீஸ் வற்றினால் கொதிக்கும், சுற்றிலும் காய்ந்த தூசு, அப்புறம் சொல்லணுமா? ஷாஃப்டில் சுற்றிய கயிறும் அப்படித்தான். டிராக்டர் சைலன்சர் பக்கம் சேரும் துரும்பைத் தினமும் தட்டிவிடுங்கள், இன்ஜினை அணைத்து ஆறவிட்ட பிறகு. தீயணைப்பான் வீட்டில் அல்ல, டிராக்டரிலேயே இருக்கட்டும்.